சுகந்திக்கான ஜெபக்குறிப்பு

ஜூன் 7, சனி

முப்பத்தொரு வீடு. கதவு திறந்தது பதினொன்று. இயேசப்பாவைப் பற்றிய கைப்பிரதியை வாங்கிக்கொண்டவர்கள் ஆறு பேர். அதில் ஒரு அம்மாள் எங்கள் கண்ணெதிரிலேயே அதை மடித்து, ஆடுகிற கட்டில் காலுக்கு அண்டக் கொடுத்தார்.

பாஸ்டர் கொடுத்த ஊழியக் குறிப்பேட்டில் முன்பக்கம் சபைக்கு. அதில் ‘ஜனங்கள் ஆவலோடு கேட்டார்கள்’ என்று எழுத வேண்டும். பின்பக்கத்திலிருந்து நான் எனக்காக எழுதிக்கொள்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது என்று முன்பக்கத்தில் எழுத முடியுமா? சனிக்கிழமைதோறும் வீடு சந்திப்பு. போன மாதம் ஒருத்தன் செல்போனில் எங்களைப் படம் பிடித்து, போலீஸில் சொல்வேன் என்றான். என்னோடு ஊழியத்துக்கு வருகிற ரோஸ்லின் அக்கா அவனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவருடைய குடைக்குப் பின்னால் நின்றேன். ஐம்பத்திரண்டு வயதுப் பொம்பளை நான், வெட்கம்தான்.

இன்று ரிட்டயர்டு வாத்தியார் சங்கரலிங்கம் சார் வீட்டில் தண்ணீர் கொடுத்தார்கள். குடிக்கும்போது அவர் கேட்டார், “ஏம்மா, இப்பிடி வீடு வீடாப் போயி யாராச்சும் சேந்துருக்காங்களா?” நிறையப் பேர் சார் என்றேன். பதினாலு மாதமாகப் போகிறோம். ஒருத்தர் இல்லை. பொய் சொல்லிவிட்டு அவர் கொடுத்த தண்ணீரையே குடித்தேன்.

கடைசியாக ஒரு மாடி வீடு. பின்பக்கம் குறுகலான படி. ரோஸ்லின் அக்காவுக்கு முழங்கால் வலி, முந்தின தெருவிலேயே ஒரு திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். நான் மட்டும் ஏறினேன். கதவு நான்கு விரல் அளவுக்குத் திறந்தது, உள்ளே சங்கிலி மாட்டியிருந்தது. வழக்கமாக ‘வேண்டாம்மா’ என்பார்கள். இவள் “உங்களை யார் அனுப்புனா?” என்று கேட்டாள். பயந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும், தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன். இயேசப்பா அனுப்பினார் என்று சொல்ல வேண்டியவள், “யாரும் அனுப்பலம்மா, நான் பிளவுஸ் தைக்கிறவ” என்றேன். சங்கிலியை எடுத்தாள். பதினாலு மாதத்தில் எனக்காக ஒரு சங்கிலியை எடுத்தவள் இவள் ஒருத்திதான்.

பெயர் சுகந்தி. ஊர் கம்பம். ஏழு வயதில் தர்ஷினி என்று ஒரு மகள். பிப்ரவரியில், கட்டிய சேலையோடு சாத்தூருக்கு ஓடி வந்திருக்கிறாள். இடது கைச் சுண்டுவிரல் மடங்காது. புருஷன் ஒடித்தது. எனக்காக ஜெபம் பண்ணுங்கக்கா, அவன் எங்களைக் கண்டுபிடிக்கக் கூடாது என்றாள். அவள் நம் ஆளில்லை. ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு அப்படி அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. இறங்கும்போது படியில் நின்று ஏதோ சொன்னாள். சரி சரி என்றேன்.

வீட்டுக்கு வந்து இரண்டு பிளவுஸுக்குக் கொக்கி வைத்தேன். சந்தோஷம்.

ஜூன் 8, ஞாயிறு

ஆராதனையில் பாஸ்டர் என்னை எழுப்பி நிறுத்திச் சாட்சி சொல்லச் சொன்னார். சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள். மத்தியானம் சபையின் செல்போன் குழுவில் சுகந்திக்காக ஜெபக்குறிப்பு போடப்பட்டது. சாயங்காலத்துக்குள் அறுபத்து மூன்று ஆமென். கம்பம், போடி, திண்டுக்கல் கிளைச் சபைகளிலிருந்தும் ஆமென் வந்தது.

ஜூன் 14, சனி

சுகந்தி வீட்டுக்கு மறுபடியும் போனேன். காப்பி போட்டுக் கொடுத்தாள். வேதத்தைத் திறக்கவே இல்லை. தர்ஷினியின் பாவாடையில் விளிம்பு பிரிந்திருந்தது, அதைத் தைத்துக் கொடுத்தேன். முன்பக்கத்தில் ‘ஆத்துமா ஆதாயம் நெருங்கிவருகிறது’ என்று எழுதினேன். பாஸ்டருக்கு அந்த மாதிரி எழுதினால் பிடிக்கும்.

ஜூன் 18, புதன்

தண்ணீர் ஆறு நாள் கழித்து வந்தது. குடம், அண்டா, தவலை எல்லாம் நிரப்பினேன்.

பத்து மணிக்குக் கம்பம் கிளைச் சபை சிஸ்டர் ஒருவர் போன் செய்தார். குறிப்பில் வந்த சுகந்தி எந்தத் தெருவில் இருக்கிறாள் என்று கேட்டார். அவளுடைய புருஷன் கதிரேசன் இவர்களுடைய பக்கத்துத் தெருவாம். குறிப்பை யாரோ காட்டியிருக்கிறார்கள். அன்றிலிருந்து அழுதுகொண்டே இருக்கிறானாம், கைப்பிரதி கேட்டு வாங்கிப் படிக்கிறானாம். “கர்த்தர் பெரிய காரியம் செய்யுறாரு சிஸ்டர்” என்றார்.

தெரு ஞாபகமில்லை என்றேன். போனை வைத்த பிறகு, நிரம்பிய தவலையை மறுபடியும் குழாயடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பக்கத்து வீட்டுக்காரி என்னாச்சுக்கா என்று கேட்டாள். தலை சுற்றல் என்றேன்.

ஜூன் 19, வியாழன்

சுகந்தியிடம் சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்கிறேன்.

ஜூன் 20, வெள்ளி

மூன்று பிளவுஸ் முடித்தேன். போகவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

வந்துவிட்டான்.

ஆராதனைக்கு நடுவில் உள்ளே வந்து, செருப்பை ஓரமாக விட்டுவிட்டு இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தான். நான் நினைத்த ஆள் மாதிரி இல்லை. ஒல்லியாக, எண்ணெய் வைத்துத் தலைவாரி, வெள்ளைச் சட்டையில் பள்ளிக்கூட வாத்தியார் போல இருந்தான். சாட்சி நேரத்தில் எழுந்து, ‘நான் பாவி, என் பெஞ்சாதியையும் பிள்ளையையும் அடிச்சு விரட்டினவன், இந்தச் சபையோட ஜெபம் என்னை இங்கே கொண்டு வந்துச்சு’ என்று அழுதான். சபையே அழுதது. ரோஸ்லின் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, “அன்னபாக்கியம், இவர்தான் நம்ம வீடு சந்திப்போட முதல் கனி” என்றார்.

அழும்போது அவன் கண் சபையை ஒரு சுற்று சுற்றி வந்தது. பெண்கள் பக்கம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தது. நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

முடிந்ததும் பாஸ்டர் கூப்பிட்டார். குடும்பத்தைச் சேர்த்துவைப்பது ஊழியத்தின் மகுடம், வீடு உங்களுக்குத்தான் தெரியும், புதன்கிழமை பத்து மணிக்குத் தம்பியைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார். விரலை ஒடித்தவன் ஐயா என்றேன். பாஸ்டர் கோபப்படவில்லை. “சிஸ்டர், கர்த்தரால மாத்த முடியாத மனுஷன்னு ஒருத்தன் உண்டா? நீங்களே சொல்லுங்க” என்றார்.

நான் என்ன சொல்வேன்? பதினாலு மாதமாக ஒவ்வொரு வாசலிலும் நின்று நான் சொன்னதே அதைத்தானே. இல்லை ஐயா என்று தலையாட்டிவிட்டு வந்தேன். ஒருவேளை அவன் நிஜமாகவே மாறியிருந்தால்? அப்படியும் இருக்கலாம். அந்த ‘இருக்கலாம்’ சரியா தப்பா என்று சுகந்தியை வைத்துப் பார்க்க எனக்கு என்ன அதிகாரம்?

ஜூன் 23, திங்கள்

காலையில் போனேன். நேரே போகவில்லை. காய்கறி மார்க்கெட்டுக்குள் நுழைந்து, அந்தப் பக்கமாக வெளியே வந்து, யாரும் பின்னால் வரவில்லை என்று மூன்று தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனேன்.

அவன் வந்திருக்கிறான் என்று சொன்னதும் சுகந்தி கத்துவாள், என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். கொடியில் கிடந்த துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். சின்னச் சின்னதாக, பைக்குள் அடங்குகிற மாதிரி. அந்த மடிப்பைப் பார்த்தபோது, இவள் இந்த நாளுக்கென்று பழகி வைத்திருக்கிறாள் என்று புரிந்தது.

“யாருக்கா சொன்னா?” என்று கேட்டாள்.

சபையில யாரோ குறிப்புப் போட்டுட்டாங்க என்றேன்.

இன்றைக்கே கிளம்பு என்றேன். முடியாதாம். போன தடவை டி.சி. இல்லாமல் வந்து, மகளுக்கு இடம் கேட்டு ஐந்து பள்ளிக்கூடம் ஏறி இறங்கினாளாம். எல்லா இடத்திலும் அப்பா எங்கே, அப்பா கையெழுத்து எங்கே என்று கேட்டார்களாம். ஹெட்மிஸ்ட்ரஸ் பயிற்சிக்குப் போயிருக்கிறார். புதன்கிழமைதான் வருகிறார். வந்து கையெழுத்துப் போட்டு, டி.சி. கைக்கு வந்து, பஸ் ஏறப் பகல் ஒரு மணி ஆகிவிடும். அதற்குப் பிறகு கதவைத் தட்டினால் பரவாயில்லைக்கா என்றாள்.

பாஸ்டர் சொன்ன நேரம் பத்து மணி. நடுவில் மூன்று மணி நேரம்.

ஜூன் 24, செவ்வாய்

எழுதித்தான் ஆக வேண்டும். எட்டாம் தேதிப் பக்கத்தில் ‘ஜெபக்குறிப்பு போடப்பட்டது’ என்று எழுதியிருக்கிறேன். தானாகவா போட்டுக்கொண்டது? நான்தான் போட்டேன். ‘வீடு சந்திப்பில் சந்தித்த கம்பம் சகோதரி சுகந்தி, மகள் தர்ஷினி, தற்போது சாத்தூரில், அடிக்கும் கணவருக்குப் பயந்து மறைந்து வாழ்கிறார், பாரத்தோடு ஜெபிக்கவும்’ என்று என் கையால் தட்டினேன். பெயரும் ஊரும் சொல்லி ஜெபித்தால்தான் பலன் என்று பாஸ்டர் கற்றுக்கொடுத்தது உண்மை. ஆனால் அன்றைக்கு எனக்கு இருந்தது பாரமில்லை, பெருமை. ஆமென் எத்தனை வந்தது என்று ராத்திரிச் சாப்பாட்டை ஆறவிட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஏழாம் தேதி படியில் நின்று அவள் சொன்னது, “யார்கிட்டயும் சொல்லிராதீங்கக்கா.”

ஜூன் 25, புதன்

பத்து மணிக்குச் சபை வாசலில் நின்றான். அதே வெள்ளைச் சட்டை, துவைத்துத் தேய்த்திருந்தது. ஸ்தோத்திரம்க்கா என்று சொல்லி என் கைப்பிரதிப் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். வேண்டாம் தம்பி என்றேன். கனமா இருக்குக்கா, குடுங்க என்றான்.

பாஸ்டர் ஜெபித்து அனுப்பும்போது நான் சொன்னேன்: ஐயா, தம்பி புது விசுவாசி, சும்மா போகக் கூடாது, வழியில் இருக்கிற வீடெல்லாம் விடாமல் சந்தித்துக்கொண்டே போகிறோம், பெஞ்சாதி முன்னால் போய் நிற்கும்போது ஊழியம் செய்த கையாக இருக்கட்டும். பாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல ஆலோசனை சிஸ்டர் என்றார். அவன் என்னை ஒரு கணம் பார்த்தான். பிறகு ஆமென் என்றான். வேறு என்ன சொல்வான்? மாறிய மனுஷனாக வந்திருக்கிறான், மாறித்தான் ஆக வேண்டும்.

சுகந்தி வீடு ஊருக்குத் தெற்கே. நான் வடக்கே திரும்பினேன்.

முதல் வீட்டுக் கதவைத் தட்டினேன். வழக்கமாக அரை நிமிஷத்தில் முடிக்கப் பார்ப்பேன், கதவைச் சாத்தினால் உள்ளுக்குள் நிம்மதியாக இருக்கும். இன்றைக்குக் கதவைச் சாத்தாதீர்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன். ஆதாமிலிருந்து ஆரம்பித்தேன். நோவா, ஆபிரகாம், மோசே. அந்த வீட்டுப் பையனுக்குப் பரீட்சை மார்க்கு என்ன என்று விசாரித்தேன். இரண்டாவது வீட்டில் மாமியாருடைய சர்க்கரை வியாதியைப் பற்றிக் கேட்டுவிட்டு, அதற்கும் ஜெபித்தேன். பூட்டிய வீட்டு வாசலில்கூட நின்று, வந்துவிடுவார்கள் என்று காத்திருந்தேன்.

ஒன்பதாவது வீட்டில் ஒரு பெண், உள்ள வாங்க, உக்காந்து சொல்லுங்க என்றாள். உயிரோடு இருக்கிற ஒரு பெண், தானாக, உள்ளே வாங்க என்கிறாள்! அவள் புருஷனுக்கு வேலை போயிருந்தது. கன்னத்தில் கையை வைத்து முக்கால் மணி நேரம் கேட்டாள், கேள்வியெல்லாம் கேட்டாள், அடுத்த வாரம் வருவீங்களா என்றாள். நான் எதைச் சொன்னேன் என்று எனக்கு ஞாபகமில்லை. அவளுக்கு மேலே சுவரில் இருந்த கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிஷம்.

அதற்குப் பிறகு கதவை அவன் தட்ட ஆரம்பித்தான். நீங்க பேசி அலுத்துட்டீங்க, நான் தட்டுறேன்க்கா என்றான். முதலில் ஒற்றை விரலால், மரியாதையாக. நாலைந்து வீடு தாண்டியதும் உள்ளங்கையால். பன்னிரண்டரை மணி வெயிலில், ஒரு பச்சைக் கதவை முஷ்டியால் குத்தினான். நாலு குத்து. நிலையிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. உள்ளே யாரோ இருந்தார்கள், மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது, சட்டென்று நின்றது. மூச்சு விடாமல் நிற்கிறார்கள் என்று வெளியே நின்ற எனக்குத் தெரிந்தது. கம்பத்தில் அவள் எத்தனை நாள் இப்படி நின்றிருப்பாள் என்று நினைத்தேன். அவன் மாறியிருக்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமை எழுதியிருக்கிறேன். பச்சைக் கதவுக்குப் பிறகு எனக்கு அந்தச் சந்தேகம் இல்லை.

திரும்பிச் சிரித்தான். “அக்கா, அந்த வீடு இந்தப் பக்கம் இருக்கிற மாதிரியே தெரியலயே. என்னக்கா?”

“பசிக்குது தம்பி, சாப்ட்டுட்டுப் போவோம்” என்றேன்.

ஓட்டலில் அவன் சாப்பிடவில்லை. நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தான். இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கினேன், ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை. ஒன்று நாற்பது ஆனது. கை கழுவப் போன இடத்தில் அத்தனையும் வாந்தி எடுத்தேன்.

இரண்டு மணிக்கு அந்த மாடிப் படியைக் காட்டினேன். கதவு திறந்து கிடந்தது, உள்ளே ஒன்றுமில்லை. வீட்டுக்காரர் வந்து, பன்னிரண்டு மணிக்கே வாடகையைக் கொடுத்துவிட்டுக் காலி செய்துவிட்டார்களே என்றார். கதிரேசன் வெறும் அறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றான். வெளியே வந்து பையை என் தோளில் மாட்டினான், வாரை நிதானமாகச் சரிசெய்தான்.

“பரவால்லக்கா, கர்த்தர் சித்தம்” என்றான். “நீங்க எந்தத் தெருக்கா?”

ஜூன் 26, வியாழன்

கதவைத் திறக்கவில்லை. பிளவுஸ் வாங்க வந்தவள் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

ஜூன் 27, வெள்ளி

மத்தியானம் தெரியாத நம்பரிலிருந்து போன். எடுக்கப் பயம். மூன்றாவது தடவை எடுத்தேன்.

சுகந்தி. பத்திரமாக வந்து சேர்ந்தோம், தர்ஷினிக்கு இடம் கிடைத்துவிட்டது, டி.சி.யைப் பார்த்ததும் ஒன்றும் கேட்கவில்லை என்றாள். குறிப்புப் போட்டது நான்தான் என்று சொன்னேன். வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது, அழுதுகொண்டே சொன்னேன்.

“அன்னைக்கே தெரியும்க்கா” என்றாள். “உங்களுக்குப் பொய் சொல்ல வரல.”

பிறகு, “நாங்க இப்ப இங்க...” என்று ஆரம்பித்தாள். நிறுத்து தாயி என்றேன். ஊர் பேர் சொல்லாதே, என்கிட்ட வேண்டாம், இந்த நம்பரையும் நான் அழிச்சிருவேன் என்றேன். அழித்துவிட்டேன்.

ஜூன் 29, ஞாயிறு

அவன் ஊருக்குப் போய்விடுவான் என்று நினைத்திருந்தேன். போகவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் அறை எடுத்திருக்கிறான். இன்றைக்கு முதல் வரிசையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் உயர்த்திப் பாடினான்.

பாஸ்டர் மேடையிலிருந்தே அறிவித்தார். ரோஸ்லின் அக்காவுக்கு முழங்கால் சரியில்லை, புதன்கிழமை ஊழியத்தில் ஒரு குடும்பமே வாசலைத் திறந்திருக்கிறது, ஆகையால் இனிச் சனிக்கிழமைதோறும் அன்னபாக்கியம் சிஸ்டரோடு தம்பி கதிரேசன் போவார், அவரே விரும்பிக் கேட்டார் என்றார். சிஸ்டருக்குச் சம்மதமா என்று என்னைப் பார்த்தார். அவனும் திரும்பிப் பார்த்தான்.

அவன் எதற்குக் கேட்டான் என்று தெரியாத அளவுக்கு நான் மடச்சி இல்லை. எனக்கு அவர்கள் இருக்கிற ஊர் தெரியும் என்று நினைக்கிறான். என்றைக்காவது ஒரு நாள் வாய் தவறும், கூடவே நடந்தால் கிடைக்கும் என்று நினைக்கிறான். ஏற்கெனவே ஒரு தடவை தவறின வாய்தானே. என்னிடத்தில் ஒன்றுமில்லை என்று தெரிந்துவிட்டால் அவன் வேறு ஊர், வேறு சபை, வேறு குழு என்று தேடிக் கிளம்பிவிடுவான். இந்த ஊரில் என்னோடு நடக்கிற வரைக்கும், அவர்கள் இருக்கிற ஊரில் அவன் இல்லை.

பயமாக இருக்கிறது. இதை எழுதும்போதும் கதவுத் தாழ்ப்பாளை இரண்டு தடவை எழுந்து பார்த்துவிட்டேன்.

சம்மதம் ஐயா என்றேன். வெளியே வரும்போது, சனிக்கிழமை சரியாகப் பத்து மணிக்கு வந்துவிடு தம்பி, வடக்குத் தெருவில் இன்னும் இருநூறு வீடு பாக்கி இருக்கிறது என்று அவனிடமும் சொன்னேன்.